வேதவல்லி வெட்டிய கொடி

பேளுக்குறிச்சிச் சந்தையில் சீரகம் விற்கிற பொம்பளை படியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க வேதவல்லிதானுங்க?"

"பேரு பானுமதிங்க. டீவிலதான் வேதவல்லி."

"அதேதான். உங்களுக்குச் சீரகம் குடுக்க மாட்டனுங்க. அந்தக் கௌசிகாப் புள்ளைக்குச் சீரகத் தண்ணிலதான மருந்தக் கலந்து குடுத்தீங்க? வேற கடை பாத்துக்கங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பானுமதியும் சிரித்தாள். திட்டு விழுந்தால் நடிப்பு எடுபட்டது என்று அர்த்தம். சினிமாவிலும் சீரியலிலும் நாற்பது வருசத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியும். கூட நின்ற தம்பி பொண்டாட்டி அத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. விற்றது போக மீந்த மிளகை மூட்டை கட்டிக்கொண்டு, பஸ் வந்துவிடும் என்று முன்னால் நடந்தாள்.

மலை ஏறுகிற பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். கேட்க வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று பானுமதி வளைவுக்கு வளைவு மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மலை மேல் திருப்புலி நாடு என்கிற ஊரில் தம்பி வீட்டுக்கு மேல்புறம், பலாமரத்தின் ஓரமாக, மரவள்ளிகூட ஒழுங்காக விளையாத ஒரு மூலை நிலம் இருக்கிறது. அதில் இரண்டு அறை கட்டிக்கொண்டு கடைசிக் காலத்தை ஓட்ட வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். தம்பி அர்த்தநாரி இல்லையென்று சொல்ல மாட்டான். ஆனால் அந்த வீட்டில் அத்தாயி தலையாட்டாமல் எதுவும் நடக்காது.

பானுமதி சினிமாவுக்குப் போனதே ஒரு விபத்து. எண்பதுகளில் ஒரு பாட்டு எடுக்க மலைக்குப் படக் கம்பெனி வந்தது. ஈரப் பாறையில் நடக்கக் கதாநாயகிக்குப் பயம். விறகுச் சுமையோடு அந்த வழியாக வந்த பானுமதியைப் பிடித்து நிறுத்தி, கதாநாயகியின் பாவாடை தாவணியைக் கட்டிவிட்டு, பின்னாலிருந்து படம் பிடித்தார்கள். முதலில் நடித்தது அவள் முதுகு. அந்த யூனிட்டில் லைட்மேனாக வந்தவன் சேந்தமங்கலத்துச் செல்லமுத்து. கீழ்நாட்டு விவசாயக் குடும்பத்துப் பையன் மலைக்காரப் பெண்ணைக் கட்டியதில் இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார்கள். இருவரும் சென்னைக்குப் போய்ச் சாலிகிராமத்தில் ஒற்றை அறையில் குடியேறினார்கள்.

ஒரு நாள் உயரத்தில் பலகை மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த செல்லமுத்து கீழே விழுந்து செத்தான். அரை நாள் படப்பிடிப்பை நிறுத்தினார்கள். அதற்கு மேல் நிறுத்தினால் நஷ்டமாம். கருமாதிக்கு மலையிலிருந்து தம்பி மட்டும் வந்தான், அதிலிருந்துதான் பிறந்த வீட்டுக்குப் போக்குவரத்து. அது முடிந்து கொஞ்ச நாளில் பானுமதிக்கு ஒரு வேஷம் வந்தது. புருசன் பிணத்தின் மேல் விழுந்து அழுகிற வேஷம். அழுதாள். "ரொம்ப இயற்கையா இருக்கும்மா" என்று டைரக்டர் பாராட்டினார். அவர் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. மறுநாளும் வேலை இருந்தது.

அப்புறம் அவள் போடாத வேஷம் இல்லை. கோர்ட்டில் ஜட்ஜ், ஸ்டேஷனில் ஏட்டம்மா, ஆஸ்பத்திரியில் ஆயா, கோயிலில் அம்மன். தன்னைவிட வயது மூத்த கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்து, அவனுக்குச் சோறு ஊட்டினாள். காமெடியனிடம் விளக்குமாற்றடி வாங்கினாள், திருப்பியும் கொடுத்தாள். பிணமாகப் படுத்து ஈ மொய்க்க மூச்சடக்கினாள். டப்பிங் தியேட்டரில் பிரசவ வலி, பேய்ச் சிரிப்பு, பச்சைக் குழந்தையின் அழுகை எல்லாம் அவள் தொண்டையிலிருந்து வந்தன. மலைக்காரி வேஷம் மட்டும் அவளுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. கதையில் மலைக்காரி வந்தால் வடக்கேயிருந்து ஒரு வெள்ளைத் தோல் பெண்ணைக் கூட்டிவந்து கரியைப் பூசினார்கள். நிஜ மலைக்காரி பின்வரிசையில் கூடையோடு நின்றாள்.

டீவி வந்ததும் சோற்றுக்குக் கஷ்டமில்லாமல் போனது. கடைசி ஆறு வருசமாக வேதவல்லி. சொத்துக்காக மருமகள் கௌசிகாவைப் படாத பாடு படுத்தும் மாமியார். தமிழ்நாடே சாயந்தரம் உட்கார்ந்து அவளைத் திட்டியது. இப்போது அதற்கும் முடிவு வந்துவிட்டது. தீபாவளிக்குள் வேதவல்லி ஜெயிலுக்குப் போகிறாள், அதோடு கதையிலிருந்து கழற்றிவிடுவார்கள் என்று பூபதி சொல்லியிருந்தான். அவன் அந்த சீரியலின் அசோசியேட் டைரக்டர், நாற்பத்தைந்து வயது ஆள், பொய் சொல்லத் தெரியாதவன். வேறு வேஷம் எதுவும் கையில் இல்லை. சாலிகிராமத்து வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. முட்டி வலி வேறு. எங்கே போவாள்?

வீட்டுக்கு வந்து, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைத் தட்டில் போட்டு மூவரும் உட்கார்ந்தபோது, அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"இருந்துட்டுப் போகட்டும் புள்ள" என்றான் அர்த்தநாரி. "அக்காளுக்கு வேற யாரு இருக்கறாங்க?"

"நான் வேண்டாங்கலீங்க" என்றாள் அத்தாயி. "பயமா இருக்குதுங்கறன்."

"எதுக்குக் கண்ணு பயம்?"

அந்த வீட்டில் புருசனின் அக்காளை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தாயியும் மரியாதை குறையாமல்தான் பேசினாள். "மொதல்ல நீங்க மாட்டுக்கொட்டாய்ல ஒரு மூலைதானுங்க நங்கை கேட்டீங்க. பாவம்னு அந்தக் கௌசிகா உட்டா. அப்பறம் ஊட்டையே எழுதி வாங்கிட்டு அவளத் தெருவுல நிறுத்தீட்டீங்க."

"அது கதை அத்தாயி."

"கதைதானுங்க. மொகம் உங்க மொகந்தான? ஆறு வருசமா தெனமும் சாயந்தரம் அந்த மொகத்தப் பாக்கறன். நேர்ல வருசத்துக்கு ஒருக்காப் பாக்கறன். எது நெசம்னு என் புத்திக்கு எப்படிங்க தெரியும்?"

பானுமதிக்குக் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சினாள்.

"அழுவாதீங்க. இதே அழுகையத்தான் போன வெசாழக்கெழமையும் அழுதீங்க. மூக்க உறிஞ்சறதுகூட அப்படியேதான்."

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் கிழங்கை வாயில் அடைத்துக்கொண்டான்.

பானுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன செய்ய முடியும்? கெஞ்சினால் நடிப்பு. கோபப்பட்டால் வேதவல்லி. சும்மா இருந்தால் சதித்திட்டம். நாற்பது வருசம் முகத்தை விற்றுப் பிழைத்தாயிற்று. சொந்தத்துக்கு என்று ஒரு முகம் மிச்சமில்லை.

ஒரே ஒரு வழிதான் அவளுக்குத் தோன்றியது. அடுத்த திங்கட்கிழமை சீரியல் யூனிட் மலைக்கு வருகிறது. கதைப்படி கௌசிகா மலையில் மிளகுத் தோட்டம் வைத்துப் பிழைக்கிறாள். வேதவல்லி தேடி வந்து அவள் மிளகுக்கொடியை வெட்டி எறிகிறாள். தம்பி தோட்டத்திலேயே எடுக்கலாம் என்று டைரக்டர் இளங்கோவிடம் சொல்லி வைத்தவள் பானுமதிதான். படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று அத்தாயி ஒரு நாள் கண்ணால் பார்த்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

"எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள் அத்தாயி. "என் கொடி மேல ஆரும் கை வெக்கக் கூடாது."

"அதுக்கு நானாச்சு."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மருமகளாக வந்தவள் ஒரு மரத்தடியில் மிளகுக்கொடி ஊன்றுவாள். அதில் காய்ப்பது அவளுக்கு. புருசன்கூடக் கேட்க முடியாது. மகளாகப் பிறந்தவள் ஊன்றுவதில்லை. அவள்தான் வேறு வீட்டுக்குப் போகிறவள் ஆயிற்றே. அத்தாயி ஊன்றிய கொடி ஒரு சில்வர் ஓக் மரத்தில் ஆள் கைக்கு எட்டாத உயரம் ஏறி, புரட்டாசி மழையில் பச்சைச் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பேளுக்குறிச்சிக்கு அவள் மூட்டை கட்டிப்போவதெல்லாம் அந்த ஒரு கொடியின் மிளகுதான்.

திங்கட்கிழமை காலையில் வேன்கள் வந்தன. செட்டு வேலைக்காரர் செங்கோடன் வேலியோரத்து மரம் ஒன்றில் காட்டுக்கொடியைச் சுற்றிக் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் மிளகுக்கொடிதான். பானுமதி கூடவே நின்று பார்த்தாள். "இதத்தான வெட்டோணும்?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அத்தாயி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். சீரியலில் யாரும் வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் பூபதி நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாகச் சொல்லுவான். நடிக்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொல்ல வேண்டும். அவன் குரலை அழித்துவிட்டுப் பிறகு டப்பிங் சேர்த்துக்கொள்வார்கள். "நட" என்றால் நடக்க வேண்டும், "முறை" என்றால் முறைக்க வேண்டும். பானுமதி இதில் கெட்டிக்காரி. அவன் குரல் காதில் விழுந்ததும் தன் மண்டையைக் காலி பண்ணிவிடுவாள். யோசித்தால் தாமதமாகும். தாமதமானால் இன்னொரு டேக். இன்னொரு டேக் என்றால் புரொடக்ஷன் மேனேஜர் முகம் சுளிப்பார். அப்படிப் பழகின உடம்பு அது.

இடைவேளையில் அத்தாயி பக்கத்தில் வந்தாள்.

"ஏனுங்க நங்கை, அந்தாளு சொல்லறதத்தான் நீங்க சொல்லறீங்களா?"

"ஆமா கண்ணு. என்னுது ஒரு வார்த்தகூடக் கெடையாது."

"அந்த சீரகத் தண்ணி விசயம்?"

"அதுவும் அவன் சொன்னதுதான்."

"அட கெரகமே" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் அத்தாயி. "அப்ப இத்தன வருசமா அந்தாளத்தான் வஞ்சிருக்கோணும்."

பூபதி தலையைச் சொறிந்துகொண்டு, எழுதுகிறவர் வேறு ஒருவர் இருக்கிறார் என்றான். மத்தியானம் யூனிட் சாப்பாடு வந்தும், அத்தாயி வீட்டிலிருந்து சாமைச் சோறும் குழம்பும் கொண்டுவந்து பானுமதிக்குப் போட்டாள். பலாமரத்து மூலை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது என்றே பானுமதி நினைத்தாள். சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவ அத்தாயி ஓடைப் பக்கம் போனாள்.

அப்போது மேகம் இறங்கியது. வேலியோரம் வெள்ளையாக மூடிக்கொண்டது. செங்கோடன் கட்டின மரமே தெரியவில்லை. இளங்கோ வாட்சைப் பார்த்தார், கேமராவை உள்பக்கமாகத் திருப்பச் சொன்னார். "அந்த மரம் தெளிவா இருக்கு, அதுல எடுத்துருங்க" என்றார். யாருடைய மரம், யாருடைய கொடி என்று யாரும் கேட்கவில்லை. செங்கோடன் வேனுக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பானுமதியை மரத்துக்கு முதுகு காட்டி நிறுத்தி, கையில் கொடுவாளைக் கொடுத்தார்கள். மேக்கப்காரர் நெற்றியைத் துடைத்துவிட்டார். பூபதி குரல் கொடுத்தான்.

"இந்தக் கொடியிலதானடி உன் திமிரு தொங்குது."

"இந்தக் கொடியிலதானடி உன் திமிரு தொங்குது."

"திரும்பி வெட்டுங்க."

திரும்பினாள். வெட்டினாள்.

பச்சை மிளகின் காரம் மூக்கில் ஏறியது. காட்டுக்கொடிக்கு அந்த வாசம் கிடையாது. மலையில் பிறந்தவளுக்கு அந்த வாசத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மரத்தின் முன்னால் நிற்கிறோம் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் 'கட்' விழவில்லை.

"இன்னொரு வெட்டு" என்றான் பூபதி.

கை உயர்ந்தது. ஒரு நொடி நின்றது. விழுந்தது.

கொடி அடியோடு அறுந்து, மேலே மரத்தைப் பற்றிக்கொண்டிருந்ததும் சரசரவென்று சரிந்து அவள் தோளில் விழுந்தது. இளங்கோ கை தட்டினார். "ரொம்ப ரியலா இருந்துச்சும்மா" என்றார்.

கழுவின பாத்திரத்தோடு அத்தாயி பாதையில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வந்து, தரையில் சிதறின பச்சைச் சரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். மேனேஜர் சட்டைப் பையில் கையை விட்டார். இதையும் காசால் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கிற சாதி. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பூபதி முன்னால் வந்தான்.

"அக்கா, தப்பு எங்க பேருலதான். நான் சொன்னதத்தான் அவங்க செஞ்சாங்க."

"ஆரு சொன்னா என்னங்க" என்றாள் அத்தாயி. "வெட்டுன கை அவங்க கைதான?"

எந்தக் காலத்திலும் இப்படித்தான். மேலே இருக்கிறவன் சொன்னான் என்று கீழே இருக்கிறவன் தன்னைப் போலக் கீழே இருக்கிறவனைத்தான் வெட்டுகிறான்.

அன்று யூனிட் செம்மேட்டு லாட்ஜில் தங்கியது. பானுமதி வேனில் ஏறவில்லை. வீட்டுக்குள்ளும் யாரும் கூப்பிடவில்லை. அர்த்தநாரி ஒரு பாயைக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டாயில் போட்டுவிட்டு, "அவ கோவம் ஆறட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். வேதவல்லி கேட்ட அதே இடம். படுத்தவளுக்கு அதை நினைத்துச் சிரிப்புக்கூட வரவில்லை.

விடிந்ததும் பூபதி போன் பண்ணினான்.

"வேன் அனுப்பறேன்மா. ஏழு மணிக்கு ஷாட்."

"நான் வல்ல பூபதி."

அவள் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. காய்ச்சலில் வந்திருக்கிறாள். செல்லமுத்து செத்த மாதத்திலேயே வந்திருக்கிறாள்.

"இன்னிக்கு நீங்க வரலைன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுருவாங்க. தெரியும்ல? தீபாவளி வரைக்குமாவது ஓட்டலாம்மா."

"தெரியும். வாரவளுக்கும் நல்லா எடுத்துக் குடு."

போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். வெட்டிப்போட்ட கொடி மழையில் நனைந்து கிடந்தது. உட்கார்ந்து, முற்றின தண்டாகப் பார்த்து, துண்டுக்கு மூன்று கணு இருக்கும்படி நறுக்கினாள். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கிளறி, இலையைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக ஊன்றினாள். முட்டி மடங்க மறுத்தது. சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டாள். அத்தாயி எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது.

"வண்டி போயிருச்சாட்டமிருக்குது" என்றாள்.

"போகட்டும்."

"ஆரு சொல்லி இத நடறீங்க?"

பானுமதி திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்வது? கேமரா பக்கத்தில் யாரும் இல்லை. கேமராவே இல்லை. ஆறு வருசமாகக் கேட்காமலே வந்து விழுந்த வசனம் ஒன்றுகூட வரவில்லை. அப்புறம் மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மொதல் வெட்டு தெரியாம வெட்டுனது, அத்தாயி. ரெண்டாவது தெரிஞ்சு வெட்டுனது. வாசம் வந்துருச்சு. உன்ற கொடின்னு தெரிஞ்சுது. அவன் இன்னொன்னுன்னான். வெட்டிட்டன்."

கண்ணில் தண்ணீர் இல்லை. அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

"தெரியும்" என்றாள் அத்தாயி. "நடுவுல கை நின்னுச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்."

அத்தாயி குனிந்து ஒரு துண்டைப் பிடுங்கி, தலைகீழாக ஊன்றியிருந்ததைத் திருப்பி ஊன்றினாள்.

"மெட்ராசுக்குப் போயி இது மறந்து போச்சுங்களா?"

"போச்சு."

"நீங்க நட்டாலும் இது எங்கொடிதான்."

"உன்னுதுதான் கண்ணு."

"காய்க்கறதுக்கு மூணு வருசமாவது ஆகும். அதுவரைக்கும் தண்ணி ஊத்தறது, கட்டி உடறது எல்லாம் நீங்கதான் பாக்கோணும். நடுவுல வேசம் வந்துருச்சுன்னு ஓடுனீங்கன்னா, அத்தனையும் புடுங்கி எறிஞ்சுருவன்."

"எங்க இருந்து பாக்கறது?"

"மாட்டுக்கொட்டாய்ல இருந்தா பாப்பீங்க? மழ நிக்கட்டும். அந்தப் பலாமரத்துப் பக்கம் கல்லு எடுத்துப் போடச் சொல்லறன்." அத்தாயி எழுந்தாள். "எழுதியெல்லாம் தர மாட்டன். சொல்லிப்போட்டன்."

பானுமதி தலையாட்டினாள். அது மன்னிப்பா தண்டனையா என்று அவளுக்கு விளங்கவில்லை. அத்தாயிக்கும் விளங்கியிருக்காது.

அடுத்த வாரம் ஒரு சாயந்தரம் மூவரும் டீவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அத்தாயி காலை நீட்டிச் சுவரோடு சாய்ந்துகொண்டு, வழக்கம்போலப் பாக்கை மென்றுகொண்டிருந்தாள். சீரியல் ஆரம்பிக்கும் முன் திரையில் ஒரு வரி ஓடியது. இனி வேதவல்லியாக கோகிலா. அவ்வளவுதான். கோகிலா கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் இளசு. பானுமதி கட்டின அதே பட்டுப்புடவை, அதே பெரிய பொட்டு, அதே மூக்குத்தி. கௌசிகா முன்னால் நின்று, "மிளகுக்கொடியோட போச்சுன்னு நெனைச்சியா" என்று கறுவினாள். கௌசிகா அழுதாள். யாரும், கௌசிகாகூட, இது வேறு முகம் என்று கவனிக்கவில்லை. ஆறு வருசம் ஒரு விளம்பர இடைவேளைக்குள் அடங்கிப்போனது. செல்லமுத்துவுக்காவது அரை நாள் நிறுத்தினார்கள்.

"இவளும் அதேதான பேசறா" என்றாள் அத்தாயி.

"பேசுவா."

"பூபதிதான் சொல்லிக் குடுக்கறானா?"

"அவந்தான்."

அத்தாயி டீவியிலிருந்து கண்ணை எடுத்து, பானுமதியின் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சந்தையில் மிளகு வாங்க வருகிறவர்கள் ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பார்களே, அப்படி. திரையில் வேதவல்லி திடீரென்று பொய்யழுகை அழ ஆரம்பித்தாள்.

"இவளுக்கு அழுகவே தெரியலீங்க நங்கை" என்றாள் அத்தாயி. "மூக்க உறிஞ்சோணும்னுகூடத் தெரியல."

பானுமதிக்குக் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சாமல் பார்த்துக்கொண்டாள்.